இடைவிட்டு இடும் சிறுநீர்க் கதீட்டர்: வீட்டிலும் பயணத்திலும் எழும் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாதவர்கள் ஒரு நாளில் நான்கு முதல் ஆறு முறை கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் ஒன்றைத் தாங்களே செலுத்தி, சிறுநீரை வடித்துவிட்டு, உடனே அதை வெளியே எடுத்துவிடுகிறார்கள். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும், முதுகெலும்புப் பிளவோடு பிறந்தவர்களுக்கும், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்னும் நரம்பு நோய் உள்ளவர்களுக்கும், நெடுநாள் நீரிழிவால் சிறுநீர்ப்பை நரம்புகள் தளர்ந்துபோனவர்களுக்கும் இது அன்றாட வேலையாகிவிடுகிறது. நீரிழிவு இல்லாத வீடே அரிது என்னும்படி இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றி வாய்திறந்து பேசுவோர் குறைவு. அதனால், பேசினால் ஒரு நாளில் தீர்ந்துவிடக்கூடிய தொல்லையைப் பலர் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். முதுகுத்தண்டில் அடிபட்ட என் அண்ணனுக்கு வீட்டிலும் வழியிலும் துணையாக இருந்து தெரிந்துகொண்டதையும், நர்ஸ்களிடமும் மருத்துவர்களிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். கதீட்டர் இடும் முறையை நர்ஸிடமோ மருத்துவரிடமோ நேரில் கற்றுக்கொண்டவர்களுக்கே இது பயன்படும்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள வீட்டுக் குளியலறையில் குறையொன்றுமில்லாமல் பயன்பட்டுவரும் கதீட்டர், ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையக் கழிப்பறையில் கைகொடுக்காமல் போவது உண்டு. அப்போது பலர் தம் உடலின் மேலோ கையின் மேலோ பழியைப் போட்டுக்கொள்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் பருமன், நுனி, பூச்சு, நீளம், பொதி, நேரம் ஆகியவற்றுள் ஏதோ ஒன்றுதான் அந்த இடத்துக்குப் பொருந்தாமல் இருக்கும். அறிகுறி எதைக் காட்டுகிறதோ அதை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பயன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

முதலில், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

காய்ச்சலோடு நடுக்கம், விலாவின் பின்பக்கத்தில் வலி, கட்டிகட்டியாக இரத்தம், வயிறு உப்பி வலிக்கும்போதும் கதீட்டர் உள்ளே போகாத நிலை ஆகியவற்றுள் எது இருந்தாலும் மேலே படிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.

மார்புப் பகுதியின் ஆறாம் முள்ளெலும்பு அளவிலோ அதற்கு மேலோ முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குத் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து வியர்த்து, இரத்த அழுத்தம் ஏறினால், சிறுநீர்ப்பை நிரம்பியதே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா எனப்படும் இந்த நிலை உயிருக்கே ஆபத்தானது. படுத்திருந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும். அதன் பிறகும் தணியாவிட்டால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். உடன் பயணம் செய்பவர் எவராக இருந்தாலும் இதைப் புறப்படும் முன்பே அவருக்குச் சொல்லி வையுங்கள்.

கதீட்டர் உள்ளே செல்ல மறுக்கிறது

ஆண்களுக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உள்ளே போனதும் முட்டுவது பெரும்பாலும் சுருக்குத்தசை இறுகுவதால்தான். அவசரமும் அச்சமும் குளிரும் அந்தத் தசையை மேலும் இறுக்கும். என் அண்ணனுக்குக் கற்றுக்கொடுத்த நர்ஸ் அக்கா, "முட்டினா தள்ளாதீங்க அண்ணே, அப்படியே பிடிச்சுக்கிட்டு மூச்சை மெதுவா விடுங்க, அது தானா வழி விடும்" என்பார். அதுவே சரியான முறை. குழாயை அதே இடத்தில் நிறுத்தி, நீளமாக மூச்சை விட்டு, தேவையானால் ஒருமுறை இருமிப் பார்த்து, தசை தளரும்போது மெல்லச் செலுத்த வேண்டும். ஆணுறுப்பை வயிற்றை நோக்கி உயர்த்திப் பிடித்தால் சிறுநீர்வழியின் முதல் வளைவு நேராகிவிடும். சக்கர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி இடுபவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். எக்காரணம் கொண்டும் அழுத்தித் தள்ளக் கூடாது. தள்ளினால் சிறுநீர்வழியின் சுவரில் பொய்வழி ஒன்று உண்டாகி, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நுனி அதிலேயே போய்ச் சிக்கும்.

ஐம்பதைக் கடந்த ஆணுக்கு, நேற்றுவரை போன கதீட்டர் இன்று ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தடுக்கினால், புராஸ்டேட் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அத்தகையவர்களுக்கு டீமன் எனப்படும் வளைந்த நுனிக் கதீட்டர் எளிதாகச் செல்லும். வளைவு எப்போதும் மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பதால், குழாயின் வெளிமுனையில் விரிந்திருக்கும் புனலில் உள்ள புடைப்பையோ கோட்டையோ பார்த்துத் திசையை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளாமல் தாமாக வாங்கிப் பயன்படுத்துவது நல்லதன்று.

பருமனைக் குறைத்தால் எளிதாகப் போகும் என்று பலரும் எண்ணுகிறார்கள். மிக மெல்லிய குழாய் வளைந்து மடங்குமே தவிர இறுகிய தசையைத் தாண்டாது. பொதியில் சி.எச். அல்லது எஃப்.ஆர். என்ற எழுத்துகளுக்கு அருகில் இருக்கும் எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டரில் விட்டம் கிடைக்கும்; 12 என்றால் 4 மி.மீ. பெரியவர்களில் பெரும்பாலோர்க்கு 12 அல்லது 14 பொருந்தும். புனலின் நிறமும் அளவைச் சொல்லும்: 10 கறுப்பு, 12 வெள்ளை, 14 பச்சை, 16 ஆரஞ்சு. மங்கிய வெளிச்சத்தில் எண்ணைத் தேடுவதைவிட நிறத்தைப் பார்த்து எடுப்பது எளிது.

பெண்களுக்குத் தடை என்பது பெரும்பாலும் இடம் தவறுவதுதான். குழாய் யோனிக்குள் போய்விட்டால் அதை உடனே எடுத்துவிடாமல் அடையாளமாக அங்கேயே விட்டுவிட்டு, புதிய கதீட்டர் ஒன்றை அதற்குச் சற்று மேலே செலுத்தினால் வழி தப்பாது. முதலில் போட்டதை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

மலச்சிக்கல் இருந்தாலும் கதீட்டர் முட்டும், நேரத்துக்கு முன்பே கசியவும் செய்யும். நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையின் கழுத்தை நெருக்குவதே இதற்குக் காரணம். பயணத்தில் வேளை தவறிச் சாப்பிடும்போது இது அடிக்கடி நேர்கிறது. கதீட்டரைக் குறை சொல்லும் முன் மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள்.

குளிரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டர்பனில் குளிர்காலம் மென்மையானது. ஜோகன்னஸ்பர்க் வழியில் உள்ள ஹாரிஸ்மித் பக்கம் ஜூலை இரவுகளில் உறைபனி விழும். அந்தக் குளிரில் பி.வி.சி. குழாய் விறைத்துப்போகும். இரவு முழுவதும் காரில் விட்டு வைத்ததை அப்படியே பயன்படுத்தாமல், பொதியைப் பிரிக்காமலே சட்டைக்குள் சிறிது நேரம் வைத்திருந்து எடுத்தால் மென்மை திரும்பிவிடும்.

உள்ளே போயும் சிறுநீர் வரவில்லை, அல்லது நடுவில் நிற்கிறது

வந்துகொண்டிருந்த சிறுநீர் சட்டென்று நின்றால் சிறுநீர்ப்பை காலியாகிவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். நுனிக்கருகில் உள்ள கண்துளைகளில் சிறுநீர்ப்பையின் உட்சுவர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். குழாயைச் சற்றே திருப்பி, ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்து, மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். முழுவதும் வெளியே எடுக்கும்போதும் மெதுவாக, வடிவது நிற்கும்வரை இடையிடையே நிறுத்தி எடுத்தால் அடியில் தேங்கியதும் வெளியேறும். உள்ளே மிச்சம் நிற்பதுதான் தொற்றுக்கு முதல் காரணம். வழுக்குவதற்காகக் குழாயில் பூசும் ஜெல்லியை மிகுதியாகத் தடவுவதாலும் கண்துளை அடைபடும். அப்படியானால் ஓரிரு நிமிடம் காத்திருந்தால் அது கரைந்துவிடும்.

வெளியே எடுக்கும்போது பிடித்து இழுக்கிறது

நீர் பட்டால் வழுக்கும் பூச்சு உள்ள கதீட்டரில்தான் இது பெரும்பாலும் நேர்கிறது. அந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்வரை மிக நன்றாக வழுக்கும். உலர்ந்தால் பசைபோல் ஒட்டும். பொதியைப் பிரித்து வைத்துவிட்டு உடையைச் சரிசெய்ய நெடுநேரம் எடுத்துக்கொள்வதும், நீர் ஊற்றி 30 விநாடி விடவேண்டிய வகையை உடனே எடுத்துவிடுவதும், ஜனவரி வெயிலில் பூட்டிய காருக்குள் பெட்டியைப் போட்டு வைப்பதும் பூச்சைக் கெடுக்கும். உடையைத் தளர்த்துவது, கையைக் கழுவுவது எல்லாம் முடிந்த பிறகே பொதியைப் பிரியுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இந்த வகைக்கு ஜெல்லி தேவையில்லை. தடவினால் பூச்சு கெடவும் கூடும். பூச்சில்லாத வகைக்கு நீரில் கரையும் ஜெல்லி கட்டாயம் வேண்டும். ஜெல்லி தீர்ந்துபோனால் தேங்காய் எண்ணெயையோ வாசலினையோ தொட்டுக்கொள்ளும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அவை நீரில் கரையாமல் உள்ளேயே தங்கும். எண்ணெய் ரப்பரையும் கெடுக்கும். செய்யாதீர்கள்.

சிறுநீர் சிவப்பாக இருக்கிறது

தொடங்கிய முதல் சில வாரங்களில் எப்போதாவது ஓரிரு துளி இளஞ்சிவப்பாக வருவது பெரிதில்லை. தொடர்ந்து வந்தால் வழுக்கல் போதவில்லை, நுனி பொருந்தவில்லை, அல்லது கை விரைகிறது என்று பொருள். பூச்சுள்ள வகைக்கு மாறிப் பார்ப்பதே முதல் படி. நெடுங்காலம் இரத்தம் இல்லாமல் இருந்து புதிதாக வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்கு முன் முதல் நாள் பீட்ரூட் சாலட் சாப்பிட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உட்கொள்பவர்களுக்கும் சிறுநீர் செம்மஞ்சளாகும்; இவை இரண்டும் இரத்தமல்ல.

குழாய் தொட்ட இடத்தில் அரிப்போ தடிப்போ எழுந்தால் ரப்பர் ஒவ்வாமையாக இருக்கலாம். முதுகெலும்புப் பிளவு உள்ளவர்களுக்கு லேட்டெக்ஸ் ஒவ்வாமை மிகுதி என்பதால், அவர்கள் தொடக்கம் முதலே லேட்டெக்ஸ் இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கையுறைக்கும் இது பொருந்தும்.

அடுத்த நேரம் வரும் முன்பே கசிகிறது

மூன்று நாள் ஒரு தாளில் குடித்த அளவு, வடித்த அளவு, நேரம், கசிவு ஆகியவற்றை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 500 மி.லி.க்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். அளவு குறைவாகவே இருந்தும் கசிந்தால் சிறுநீர்ப்பை அளவுக்கு மீறிச் சுருங்குகிறது. தொற்று இல்லையென்றால் அதற்கு மாத்திரை தேவைப்படலாம், கதீட்டரை மாற்றிப் பயனில்லை. தேநீரும் காபியும் சிலருக்கு இதைத் தூண்டுவதால், பயண நாளில் காஃபின் இல்லாத ரூயிபோஸ் மூலிகைத் தேநீருக்கு மாறிப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தைப்பூசக் காவடி டர்பனின் கடும் கோடையில் வருகிறது. நோன்பும் வெயிலும் சேரும்போது, கழிப்பறைக்குப் போகவேண்டி வருமே என்று காலை முதல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுநீர் அடர்ந்து, தொற்றுக்கு இடம் கொடுத்து, அடுத்த வாரம் காய்ச்சலில் படுக்கிறார்கள். மருத்துவர் வேறு அளவு சொல்லாதவரை ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை சிறிது சிறிதாகக் குடித்துவருவதே முறை.

தொற்று திரும்பத் திரும்ப வருகிறது

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். முற்றிலும் கிருமி நீக்கிய முறை இல்லாவிட்டாலும், சுத்தமான கையோடு குறித்த நேரத்தில் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவந்தால் போதும் என்றார். அளவுக்கு மீறி விரிந்த சிறுநீர்ப்பையின் சுவருக்கு இரத்த ஓட்டம் குறைவதால்தான் கிருமி வேரூன்றுகிறது என்பது அவர் காட்டிய காரணம். ஆகவே தொற்று அடிக்கடி வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. கழிப்பறை அழுக்காக இருக்கிறது என்று இரண்டு மணி நேரம் தள்ளிப்போடுவதைவிட, கையைத் துடைத்துக்கொண்டு நேரத்தில் வடித்துவிடுவது மேலானது.

அடுத்தது கையும் நீரும். சோப்பும் தண்ணீரும் இருந்தால் அவையே சிறந்தவை. ஆல்கஹால் திரவம் பயன்படுத்தினால் கை நன்றாக உலர்ந்த பிறகே கதீட்டரைத் தொட வேண்டும்; ஈரக் கையோடு தொட்டால் சிறுநீர்வழி எரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி, அங்குள்ள வீடுகளில் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீரைப் பிடித்துவைத்துக் காலம் தள்ளிய அப்படிப்பட்ட நாள்களில், நீர் ஊற்ற வேண்டிய வகையைவிடப் பொதிக்குள்ளேயே ஈரமாக வரும் வகை எத்தனையோ பாதுகாப்பானது. வேறு வழியில்லையென்றால் கொதித்து ஆறிய நீர் அல்லது மூடி திறக்காத புட்டிநீர் மட்டுமே.

பொதியில் 2 என்ற எண்ணைக் குறுக்கே அடித்த வட்டக் குறி இருந்தால் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கானது என்று பொருள். பூச்சுள்ளதை எவ்விதத்திலும் கழுவி மறுபடி பயன்படுத்த முடியாது. போதிய எண்ணிக்கை கிடைக்காமல் பூச்சில்லாத குழாயைக் கழுவிப் பயன்படுத்தும் நிலையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கழுவும் முறையையும் எத்தனை நாள் என்பதையும் உங்களைப் பார்க்கும் நர்ஸிடம் கேட்டு, அதன்படி மட்டும் செய்யுங்கள். பயணத்தின்போதாவது புதியவற்றையே எடுத்துச் செல்வதற்கு முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

சிறுநீர் கலங்கியிருப்பதோ வாடை அடிப்பதோ மட்டும் தொற்றுக்கு அடையாளமாகாது. காய்ச்சல், எரிச்சல், புதிய கசிவு, தசை இறுக்கம் போன்றவை சேர்ந்தால்தான் மருந்து. வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை விழுங்காமல், மருந்து தொடங்கும் முன் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

வீட்டில் சரியாக வருகிறது, வெளியில் முடியவில்லை

பெட்ரோல் நிலையக் கழிப்பறையில் என்ன நடக்கிறது என்று கூர்ந்து பாருங்கள். பொதியை வைக்கத் திட்டு இல்லை, தரை ஈரம், ஒரு கையால் உடையைப் பிடித்தாக வேண்டும், மற்றொரு கையால் பொதியைக் கிழிக்கும்போது குழாய் துள்ளிக் கீழே விழுகிறது. பல பொதிகளின் பின்புறம் ஒட்டும் வட்டம் ஒன்று உண்டு. தாளை உரித்துச் சுவர் ஓட்டில் ஒட்டி, வாயை மூன்றில் ஒரு பங்கு மட்டும் திறந்து தொங்கவிட்டால் இரண்டு கையும் ஓய்வாகிவிடும். ஓட்டில் தூசி இருந்தால் ஒட்டாது. முதலில் துடைத்துவிட வேண்டும். வாங்கும் முன், மாதிரிப் பொதியை ஈரக் கையோடு திறந்து பாருங்கள். விரல் நுழைக்க வளையம் இல்லாத பொதியை மூட்டுவாதக் கையால் திறக்க முடியாது. கடையில் உலர்ந்த கையோடு பார்த்தால் இது தெரியவராது.

குழாயைத் தொடாமல் செலுத்தப் பிடிப்புறை உள்ள வகை வெளியிடங்களுக்கு ஏற்றது. சக்கர நாற்காலியிலிருந்து இறங்க முடியாதவருக்கும், கழிப்பறையே இல்லாத இடத்துக்கும் பையோடு இணைந்த மூடிய வகைதான் சரி. காரின் பின்னிருக்கையிலேயே துண்டைப் போர்த்திக்கொண்டு முடித்துவிடலாம். இவை விலை கூடியவை, இடமும் அடைக்கும். ஆகவே அன்றாடத்துக்கு ஒன்று, வெளியூருக்கு வேறொன்று என்று இரண்டு வகை வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. ஒரே வகையை எல்லா இடத்துக்கும் பொருத்த முயல்வதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். பெண்களுக்கான உதட்டுச்சாய அளவிலான குறுங்கதீட்டர் கைப்பையில் அடங்கும். ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கழிப்பறைக் கிண்ணத்துக்குள் விழச் செய்ய அதன் நீளம் போதாது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ளதோ பை உள்ளதோ வேண்டும்.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 570 கி.மீ. ஆறு மணி நேரத்தில் போய்விடலாம் என்று இரண்டே கதீட்டரோடு புறப்படுபவர்கள் 2024 செப்டம்பரை நினைவில் கொள்ள வேண்டும். அப்போது வான் ரீனன் கணவாய்ப் பகுதியில் பனி கொட்டி என்-3 சாலை அடைபட, வண்டிகள் இரவு முழுவதும் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு முழு நாளுக்கு உரியவை எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; டிக்கியில் இருந்தால் பயனில்லை. மின்தடை நேரத்துக்கு நெற்றியில் கட்டும் விளக்கு, மணமில்லாத ஈரத்துணிகள், பயன்படுத்தியதைப் போட மூடும் பை ஆகியவற்றையும் அதே பையில் வையுங்கள். கதீட்டரைக் கழிப்பறைக்குள் போட்டு நீர் ஊற்றக் கூடாது.

விமானப் பயணத்தின்போதும் அதற்குப் பிறகும்

சென்னைக்குப் போகிறவர்கள் வழியில் விமானம் மாறியே ஆக வேண்டும். துபாய் வரைக்கும் மட்டுமே ஏறத்தாழ எட்டு மணி நேரம். ஏறுவதற்குச் சற்று முன்பு ஒருமுறை வடித்துவிடுங்கள். இந்திய நேரம் தென்னாப்பிரிக்க நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுவதால், கைக்கடிகாரத்தை மாற்றினாலும் கடைசியாக வடித்ததிலிருந்து கழிந்த மணிகளை எண்ணியே அடுத்ததைத் தீர்மானியுங்கள்.

இறங்கிய இரவு சிறுநீர் வழக்கத்தைவிட மிகுதியாக வருகிறது என்று பலர் அஞ்சுகிறார்கள். நெடுநேரம் உட்கார்ந்ததால் கால்களில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்தில் கலந்து சிறுநீராக வருவதே காரணம். மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்திருந்து, தூங்கும் முன் வடித்து, அன்றிரவு மட்டும் நடுவில் ஒருமுறை எழுந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக் கோயில் ஊர்களில் குந்தும் கழிப்பறையும் ஈரத் தரையும் மிகுதி என்பதால், பை இணைந்த மூடிய வகையைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மொத்த நாள்களுக்கு வேண்டிய எண்ணிக்கையோடு அதில் பாதியைச் சேர்த்து, அதில் ஒரு பகுதியைக் கைப்பையிலும் மற்றதைப் பெட்டியிலும் பிரித்து வையுங்கள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் நான்கு நாள் தாக்குப்பிடிக்கும்படி கைப்பை இருக்க வேண்டும். மருத்துவரின் கடிதத்தில் கதீட்டரின் வகை, அளவு, நாளுக்கு எத்தனை என்பவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கட்டும். பன்னாட்டு விமானத்தில் 100 மி.லி.க்கு மேற்பட்ட திரவம் மருத்துவத் தேவைக்கானது என்று காட்டவும், அங்கே ஒரு மருந்துக்கடையில் அதே அளவைக் கேட்டு வாங்கவும் அந்த ஒரே தாள் போதும்.